மூலிகையும் மனச்சோர்வும்: "இயற்கையானது" என்றால் போதுமா?



வீடு சந்திப்புக்குச் செல்லும்போது சில இல்லங்களில் மாத்திரைப் புட்டி ஒன்றை எடுத்து வந்து காட்டுவார்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ வாங்கி அனுப்பியதாக இருக்கும். "இது மூலிகை மாத்திரை சாமி, மனசுக்கு நல்லதாம். இயற்கையானது, பக்கவிளைவே கிடையாதாம்" என்பார்கள். அதே வீட்டில் மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை பாதியோடு நிறுத்தப்பட்டுக் கிடக்கும். "அது கெமிக்கல் சாமி, பழகிப் போயிடுமாம்" என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு மனிதரின் நலமும், சில வேளைகளில் உயிருமே ஊசலாடுகிறது. ஆகவே இந்தச் சிந்தனையில் மனச்சோர்வுக்கு மருந்தாகப் பேசப்படும் சில தாவரங்களைப் பற்றி எழுதுகிறேன். மூலிகை எல்லாம் ஏமாற்று என்று சொல்வது என் நோக்கமன்று. மூலிகை என்றாலே நல்லது என்றும் சொல்லப் போவதில்லை. தாவரத்தில் இருக்கும் மருந்தும் மருந்துதான். அப்படியானால் எந்த மருந்தையும் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும். முதலாவது, இது உண்மையிலேயே குணம் தருகிறதா? இரண்டாவது, எவ்வளவு, எந்த வடிவில்? மூன்றாவது, இதை உட்கொள்பவர் வேறு என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார்?

மனச்சோர்வு என்பது என்ன?

கவலை வேறு, மனச்சோர்வு வேறு. அன்புக்குரிய ஒருவரை இழந்தால் அழுகிறோம். பிள்ளை தேர்வில் தோற்றால் வருந்துகிறோம். இவை மனித வாழ்வின் பகுதி. ஆனால் ஏறக்குறைய நாள் முழுவதும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், குறைந்தது இரண்டு வாரங்களாவது மனம் இருண்டு கிடந்தால், எதிலும் விருப்பமில்லாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், உடலில் வலுவே இல்லாமல் போனால், "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணமோ சாவைப் பற்றிய எண்ணமோ திரும்பத் திரும்ப வந்தால், அதை மருத்துவர்கள் நோய் என்கிறார்கள்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 28 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. இருபது பேருக்கு ஒருவர் மனச்சோர்வால் துன்புறுகிறார் என்றும், பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அந்த ஆய்வு கூறியது. ஞாயிறு திருப்பலிக்கு நம் ஆலயத்தில் நானூறு பேர் கூடினால், அவர்களில் இருபது பேரையாவது நினைத்துப் பாருங்கள். அவர்கள் நம் பக்கத்திலேதான் அமர்ந்திருக்கிறார்கள்.

இறைவாக்கினர் எலியாவும் இந்த இருளுக்குத் தப்பவில்லை. அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கார்மேல் மலையில் பெரும் வெற்றி கண்டவர், பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து, தமக்குச் சாவு வர வேண்டும் என்று மன்றாடுகிறார். கடவுள் அவரைத் திட்டவில்லை. "உன் நம்பிக்கை எங்கே போயிற்று?" என்று கேட்கவும் இல்லை. முதலில் அவரைத் தூங்க விடுகிறார். பிறகு வானதூதர் வழியாகச் சுட்ட அப்பமும் தண்ணீரும் தருகிறார். மறுபடியும் தூங்க விடுகிறார், மறுபடியும் உண்ணச் செய்கிறார். பேச்செல்லாம் அதற்குப் பிறகு, ஓரேபு மலையில்தான் நடக்கிறது. சோர்ந்த உள்ளத்தைத் தூக்கி நிறுத்த உடலையும் கவனிக்க வேண்டும் என்பது கடவுளுக்கே தெரிந்திருந்தது.

திருமுழுக்கு யோவானின் பெயர் கொண்ட செடி

மனச்சோர்வுக்கான தாவர மருந்துகளில் உலகிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்டது ஒரு மஞ்சள் பூச்செடி. ஆங்கிலத்தில் அதை "செயிண்ட் ஜான்ஸ் வோர்ட்" என்கிறார்கள். யோவான் பூண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தாவரவியலில் அதன் பெயர் ஹைப்பெரிக்கம் பெர்ஃபொராட்டம். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வயல் ஓரங்களில் தானாக வளர்வது. நம் நாட்டில் இமயமலைப் பகுதியிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே இனத்தைச் சேர்ந்த வேறு மஞ்சள் பூச்செடிகள் இருக்கின்றன. ஆனால் அவை இந்தச் செடி அல்ல. இதற்குப் பதிலாக அவற்றைப் பறித்துப் பயன்படுத்தக் கூடாது.

ஏன் இந்தப் பெயர்? புனித திருமுழுக்கு யோவானின் பிறப்புவிழாவாகிய ஜூன் 24-ஐ ஒட்டி ஐரோப்பாவில் இச்செடி பூத்துக் குலுங்கும். மொட்டைக் கசக்கினால் சிவப்புச் சாறு கசியும். தலை வெட்டப்பட்ட யோவானின் இரத்தம் அது என்று எளிய மக்கள் சொன்னார்கள். இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். இடைக்காலத்தில் இதற்கு "பேயை விரட்டுவது" என்று பொருள்படும் இலத்தீன் பெயரும் இருந்தது. தீய ஆவிகள் அண்டாதிருக்க வீட்டு வாசலில் இதைத் தொங்க விட்டார்கள். மனம் இருண்டு போவதைப் பேயின் வேலை என்று எண்ணிய காலம் அது. இன்றும் நம்மிடையே அப்படி எண்ணுபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இந்தச் செடியின் சாற்றில் பல சேர்மங்கள் உள்ளன. அவற்றுள் முக்கியமானவை ஹைப்பெரிசின், ஹைப்பெர்ஃபொரின் என்பவை. நம் மூளையின் நரம்பணுக்கள் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களை வெளியிட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேசி முடித்ததும் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ஹைப்பெர்ஃபொரின் அந்த உறிஞ்சலைக் குறைக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் பல மாத்திரைகளும் வேறொரு வழியில் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன. அப்படியிருக்க ஒன்றை "இயற்கை" என்றும் மற்றதைக் "கெமிக்கல்" என்றும் பிரிப்பதில் என்ன பொருள்? செடிக்குள் இருப்பதும் வேதிப்பொருளே.

குணம் தருகிறதா?

முதல் கேள்விக்கு வருவோம். 1996-இல் கிளவுஸ் லிண்டே என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1,757 நோயாளிகள் பங்கேற்ற 23 ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். இலேசானதும் நடுத்தரமானதுமான மனச்சோர்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட யோவான் பூண்டு நன்றாக வேலை செய்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆனால் 2002-இல் அமெரிக்க அரசின் ஆதரவோடு 340 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு வேறு விதமாக அமைந்தது. ஒரு பிரிவினருக்கு யோவான் பூண்டு, இன்னொரு பிரிவினருக்கு செர்ட்ராலின் என்னும் வழக்கமான மாத்திரை, மூன்றாம் பிரிவினருக்கு வெற்று மாத்திரை. எட்டு வாரங்களின் முடிவில், முக்கிய அளவுகோல்களின்படி மூலிகை வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. செர்ட்ராலினும் மிஞ்சவில்லை! முழுமையான பலன் கண்டவர்கள் மூலிகைப் பிரிவில் சுமார் 24 விழுக்காடு, செர்ட்ராலின் பிரிவில் சுமார் 25 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் சுமார் 32 விழுக்காடு.

இதைப் படித்து மாத்திரையே வீண் என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்து எந்த மருந்தையும் தீர்ப்பிட முடியாது என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. செர்ட்ராலின் வேறு பல ஆய்வுகளில் தன் பலனைக் காட்டிய மருந்து. மேலும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களையும் மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள், பேசினார்கள், விசாரித்தார்கள். கவனித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதே நோயாளிக்கு ஓரளவு மருந்து. நம் அன்பியங்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

2008-இல் லிண்டே குழுவினர் மறுபடியும் 29 ஆய்வுகளை, 5,489 நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்புக்காகத் தொகுத்தார்கள். யோவான் பூண்டின் சாறு வெற்று மாத்திரையைவிட மேலானது, வழக்கமான மாத்திரைகளுக்கு ஏறக்குறைய இணையானது, பக்கவிளைவுகள் அவற்றைவிடக் குறைவு என்று கண்டார்கள். அதோடு, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில்தான் பலன் அதிகமாகத் தெரிந்தது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட்டார்கள்.

ஆகவே முதல் கேள்விக்கு விடை இதுதான்: இலேசானதும் நடுத்தரமானதுமான மனச்சோர்வில் பலன் தரக்கூடும். கடுமையான மனச்சோர்வுக்கு, அதிலும் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்ட நிலைக்கு, இதை நம்பி இருப்பது ஆபத்து.

எதனோடு சேர்கிறது?

இந்தச் செடியின் கதையில் நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பகுதி இதுதான். நாம் விழுங்கும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலின் நொதிகள் செய்கின்றன. ஹைப்பெர்ஃபொரின் கல்லீரலில் ஒரு சுவிட்சைப் போடுவதுபோல அந்த நொதிகளை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. அதனால் நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகள் வேலை செய்வதற்கு முன்பே உடைக்கப்பட்டு வெளியேறிவிடுகின்றன. மருந்தைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஆனால் அது உடலில் போதிய அளவு இருக்காது.

2000-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஒன்று, எய்ட்ஸ் கிருமியைக் கட்டுப்படுத்தும் இன்டினாவிர் என்ற மருந்தை நலமான எட்டுப் பேருக்கு யோவான் பூண்டோடு சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் அம்மருந்தின் அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. மற்றொன்று இன்னும் அச்சம் தருவது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இதயமாற்று அறுவை செய்துகொண்ட இருவர் யோவான் பூண்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கினார்கள். மாற்றிய இதயத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு அவர்களுடைய இரத்தத்தில் குறைந்தது. சில வாரங்களிலேயே உடல் அந்த இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. மூலிகையை நிறுத்திய பிறகுதான் மருந்தின் அளவு பழைய நிலைக்கு வந்தது.

நம் ஊர்களில் சாதாரணமாகப் புழங்கும் மருந்துகளும் இந்தப் பட்டியலில் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளிகள் சாப்பிடும் வார்ஃபரின், இதயத்துக்கான டிஜாக்சின், வலிப்பு நோய்க்கான சில மாத்திரைகள், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றின் வலுவை யோவான் பூண்டு குறைத்துவிடக்கூடும்.

மனச்சோர்வு மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்? இரண்டும் செரட்டோனினை உயர்த்துவதால் அது அளவுக்கு மீறிப் போகலாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு காலம் மனச்சோர்வும் மறு காலம் அளவுக்கு மீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு இந்தச் செடி எழுச்சி நிலையைத் தூண்டிவிடலாம். "இரண்டும் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும்" என்று எண்ணுபவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பொருளுக்கு விளைவு இருந்தால் பக்கவிளைவும் இருக்கும். "பக்கவிளைவே கிடையாது" என்று ஒருவர் உறுதி கூறினால், அதற்கு விளைவு இருக்கிறதா என்றே நாம் ஐயப்பட வேண்டும்.

நம் அடுக்களையில் இருப்பவை

"வெளிநாட்டுச் செடி எதற்கு? நம் மஞ்சளும் குங்குமப்பூவும் போதாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் இரண்டாவது கேள்வி, அதாவது எவ்வளவு, எந்த வடிவில் என்பது, முக்கியமாகிறது.

குங்குமப்பூவைப் பற்றி ஈரான் நாட்டின் தெஹ்ரானில் பல ஆய்வுகள் நடந்துள்ளன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 30 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் குங்குமப்பூச் சாறும், மறு பிரிவினருக்கு இமிப்ரமின் என்ற பழைய மாத்திரையும் ஆறு வாரங்கள் கொடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் முப்பது பேர், ஆறு வாரம் என்பது மிகச் சிறிய அளவு. அதோடு, குங்குமப்பூவின் விலை காரணமாகக் கலப்படம் மிகுதி. கடையில் வாங்கும் சிறு டப்பாவில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து கொடுத்த சாறு அல்ல. பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று கர்ப்பிணிகளுக்குப் பாலில் கலந்து கொடுப்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற சேர்மத்தைக் குஜராத் மாநிலம் பாவ்நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் 60 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். முடிவு 2014-இல் வெளிவந்தது. குர்க்குமின் மட்டும் சாப்பிட்டவர்களில் 62.5 விழுக்காட்டினரும், ஃபுளுவாக்செட்டின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 64.7 விழுக்காட்டினரும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 77.8 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்கிற அளவே இருந்தது. வெற்று மாத்திரை கொடுத்த பிரிவும் அதில் இல்லை. அங்கு கொடுத்தது நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் குர்க்குமின். மஞ்சள் தூளில் குர்க்குமின் சில விழுக்காடுதான் இருக்கும். குழம்பில் போடும் அரைக் கரண்டி மஞ்சள் அந்த அளவைத் தராது.

தவிர, குர்க்குமினை நம் குடல் எளிதில் உறிஞ்சுவதில்லை. 1998-இல் பெங்களூரில் உள்ள நம் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரியாகிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளோடு சேர்த்துக் கொடுத்தால், மனிதரின் இரத்தத்தில் சேரும் குர்க்குமினின் அளவு இருபது மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் சேர்த்து மாத்திரையாக விற்பதன் பின்னணி இதுதான். ஆனால் மிளகின் அந்தப் பொருள் மற்ற மருந்துகளையும் இரத்தத்தில் கூட்டிவிடக்கூடும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் அவற்றுள் ஒன்று. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரசத்தில் இருக்கும் மஞ்சளும் மிளகும் உணவு. அதையே பிழிந்து, செறிவாக்கி, மாத்திரையில் அடைத்தால் அது மருந்து. உணவுக்கு நாம் கொடுக்கும் நம்பிக்கையை அந்த மாத்திரைக்கும் அப்படியே கொடுத்துவிடக் கூடாது.

அமுக்கரா கிழங்கைப் பற்றியும் கேட்கிறார்கள். அஸ்வகந்தா என்ற பெயரில் அது உலகெங்கும் விற்பனையாகிறது. மனஅழுத்தம், தூக்கமின்மை பற்றிய சில சிறிய ஆய்வுகள் சாதகமாக உள்ளன. மனச்சோர்வு நோய்க்கு அது மருந்து என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. அதனாலும் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்துள்ளது. தைராய்டு மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

நம் நாட்டுச் செடி கற்பித்த பாடம்

தாவரம் மனத்தைத் தூக்கிவிடவும் கூடும், தாழ்த்திவிடவும் கூடும் என்ற அச்சத்தை உலக மருத்துவத்துக்குக் கொடுத்ததே ஓர் இந்தியச் செடிதான். சர்ப்பகந்தா என்னும் அச்செடியின் வேர் நம் பாரம்பரிய மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் பயன்படுவதாக எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பில் அதன் பலனைப் பற்றி பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் கட்டுரை வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

இரத்தக் கொதிப்புக்காக ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போவதாக 1950-களில் செய்திகள் வந்தன. அது மூளையில் செரட்டோனின் முதலிய பொருள்களின் சேமிப்பைக் காலி செய்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படியானால் அவை குறைவதே மனச்சோர்வுக்குக் காரணமோ என்ற எண்ணம் பிறந்தது. இன்றைய பல மாத்திரைகளுக்கு வழி திறந்த சிந்தனைகளில் அதுவும் ஒன்று. பின்னர் வந்த ஆய்வாளர்கள் ரெசர்பின் உண்மையிலேயே மனச்சோர்வை உண்டாக்கியதா என்று பழைய பதிவுகளை மறுபடி அலசி, ஆதாரம் அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். மனச்சோர்வு ஒரே ஒரு வேதிப்பொருளின் குறையால் வருவது என்ற விளக்கம் மிக எளிமையானது என்பதையும் இன்று ஏற்றுக்கொள்கிறார்கள். மரபு, உடல்நிலை, இழப்பு, வறுமை, தனிமை, குடிப்பழக்கம் உள்ள வீடு என்று பல வேர்கள் அதற்கு உண்டு.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. நம் மண்ணின் செடிகள் வெறும் பச்சிலைகள் அல்ல. மூளை வரை சென்று வேலை செய்யும் வலிமை அவற்றுக்கு உண்டு. அந்த வலிமையை மதிக்கிறவர்கள் அவற்றை அளவின்றியும் ஆலோசனையின்றியும் உட்கொள்ள மாட்டார்கள்.

விசுவாசம் என்ன சொல்கிறது?

சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம், ஆண்டவரே நிலத்திலிருந்து மருந்துகளைத் தோன்றச் செய்தார் என்றும், அறிவுள்ளவர் அவற்றை இகழமாட்டார் என்றும் கற்பிக்கிறது. நோயுற்றவர் இறைவனிடம் மன்றாட வேண்டும் என்று சொல்லும் அதே பகுதி, மருத்துவருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. செபமா மருத்துவமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. நிலத்தின் செடியும் கடவுளின் கொடை. அதை ஆராய்ந்து அளந்து கொடுக்கும் மனித அறிவும் கடவுளின் கொடை. ஆய்வுக்கூடத்தில் உருவான மாத்திரை கடவுளுக்கு அந்நியமானது என்று நினைப்பது, அந்த அறிவைத் தந்தவரை மறப்பதாகும்.

ஆகவே "செபமாலை சொல்லு, எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்பிவிடாதீர்கள். தியான மையத்துக்குப் போய் வந்ததும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். மனச்சோர்வு பாவம் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. கடுமையான மனநலக் கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கிறது என்றும், தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அப்படி ஓர் இழப்பைச் சந்தித்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசும் நம் நாவுக்கு இது கடிவாளமாக இருக்கட்டும். நோயில்பூசுதல் அருளடையாளமும் உடல் நோய்க்கு மட்டும் உரியதன்று. கடுமையான மனநோயால் துன்புறுகிறவர்களும் அதைக் கேட்கலாம்.

என்ன செய்யலாம்?

முதலில், மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விடுவது அவசரம். அவை போதைப்பொருள் போல அடிமையாக்குபவை அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு போன்ற தொல்லைகள் வரலாம். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்து, எந்த மூலிகை, லேகியம், சூரணம், வெளிநாட்டு மாத்திரை சாப்பிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். "திட்டுவாரோ" என்று மறைக்காதீர்கள். புட்டியையே எடுத்துச் சென்று காட்டுங்கள். சித்த மருத்துவத்தை நாடுபவர்கள் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செல்லுங்கள். ஆங்கில மருந்து சாப்பிடுவதை அவரிடமும் மறைக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, மருந்து மட்டுமே சிகிச்சை அல்ல. பயிற்சி பெற்ற ஆலோசகரோடு பேசுவதும், தவறாத நடைப்பயிற்சியும், நேரத்துக்குத் தூக்கமும், மதுவை விலக்குவதும், கூட இருக்கும் மனிதர்களும் மிகவும் உதவுகின்றன. இலேசான மனச்சோர்வில் மாத்திரையே இல்லாமல் இவற்றாலேயே பலர் நலம் பெறுகிறார்கள். எது யாருக்கு என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே செல்ல வெட்கப்படத் தேவையில்லை.

கடைசியாக, "வாழவே பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவுரை சொல்லத் தொடங்காமல் அவர் பேசுவதைக் கேளுங்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை அன்பியக் கூட்டங்களில் அறிவியுங்கள், வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திப்பின்போது குறித்துக் கொடுங்கள்.

நிலத்தில் செடிகளை முளைக்கச் செய்து, மருத்துவரின் கைகளுக்குத் திறமை அளிக்கும் இறைவன், நம் பங்குகளில் இருளில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் தொட்டு எழுப்புவாராக. எலியாவுக்கு அப்பமும் தண்ணீரும் கொண்டு வந்த வானதூதரைப் போல, பக்கத்து வீட்டில் சோர்ந்திருப்பவருக்கு உணவும் துணையும் கொண்டு செல்ல நம்மையும் அனுப்புவாராக.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.